சூரியக் காற்றை எண்ணும் கருவி

நெடுந்தீவில் சோளகக் காற்று எழும்பினால் குறிகட்டுவான் படகும் கடலைப் பார்த்துத்தான் புறப்படும். சூரியனிலிருந்தும் ஒரு காற்று ஓயாமல் வீசுகிறது. மின்னேற்றம் கொண்ட துணிக்கைகளின் ஓட்டம் அது: பெரும்பாலும் புரோத்தன்களும் இலத்திரன்களும், கொஞ்சம் ஈலியக் கருக்களும். வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஆனால் பூமிக்கு அண்மையில் ஒரு கன சென்ரிமீற்றருக்குள் ஐந்து, பத்துத் துணிக்கைகள்தான் இருக்கும். இவ்வளவு ஐதானதை எப்படி அளப்பது?

2023 செப்ரெம்பர் 2இல் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 அதைச் செய்கிறது. செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய இந்திய விண்கலம் இது. நிற்பது பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில். அதிலுள்ள ஆஸ்பெக்ஸ் கருவிக்குள் வளைந்த இரண்டு தகடுகள், இடையே மின்னழுத்தம். அந்த அழுத்தத்துக்குப் பொருந்தும் சக்தியுள்ள துணிக்கை மட்டும் வளைவில் திரும்பி உள்ளே போகும். மற்றவை தகட்டில் மோதி நின்றுவிடும். அழுத்தத்தைப் படிப்படியாக மாற்றினால், எந்த வேகத்தில் எத்தனை வருகின்றன என்று எண்ணிவிடலாம். எவ்வளவு எளிய, அழகான உபாயம்! அப்பால் ஒரு காந்தம் புரோத்தனையும் ஈலியத்தையும் பிரித்துவிடும்.

2024 மே மாதப் பெரும் சூரியப் புயலையும் ஆஸ்பெக்ஸ் பதிவுசெய்தது. பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் வாழும் எங்களுக்கு இது தூரத்துச் செய்தியல்ல. புயல் மேல்வளிமண்டலத்தைக் கலக்கினால், கடற்றொழிலாளரின் ஜிபிஎஸ் காட்டும் இடமும் பிசகக்கூடும். ஆதித்யாவைத் தாண்டிய காற்று பூமியை அடைய ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் எடுக்கும். புயலென்றால் அதிலும் குறைவு.