மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்கு ஆயத்தமாதல்

மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை என்பது தேய்ந்துபோன முழங்கால் அல்லது இடுப்பு மூட்டின் பரப்புகளை நீக்கி, உலோகம், நெகிழி முதலியவற்றால் ஆன செயற்கை மூட்டைப் பொருத்தும் முறையாகும். செயற்கை மூட்டில் கிருமித்தொற்று ஏற்பட்டால் அதைக் குணப்படுத்துவது கடினம். சில நேரங்களில் மூட்டையே கழற்ற நேரிடும். ஆகவே அறுவைக்கு முந்தைய வாரங்களின் ஆயத்தம் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது.

வட்டாரச் சூழல்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. அந்த நீரைப் பல ஆண்டுகள் குடித்தவர்களுக்கு எலும்புப் புளோரோசிசு ஏற்பட்டு, மூட்டும் முதுகும் இறுகும். இதற்குத் தீர்வாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது. முதுகுத்தண்டு இறுகியிருந்தால் அங்கு ஊசி வழியே மரப்பு மருந்து செலுத்துவது கடினமாகலாம். எனவே நீண்டகாலம் ஆழ்துளைக் கிணற்று நீர் குடித்தவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிப்பது நல்லது.

உடல் ஆயத்தம்

* சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இரத்தசோகை ஆகியவற்றைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.
* சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, கால் புண், சேற்றுப்புண் ஆகியவற்றை முதலில் குணப்படுத்த வேண்டும். வலிக்காகப் போடும் பச்சிலைக் கட்டு, சூடு ஆகியவற்றால் தோல் புண்ணானால் அறுவை தள்ளிப்போகும்.
* புகைப்பதைக் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும்.
* இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை, நாட்டு மருந்து உட்பட உண்ணும் அனைத்தையும் மருத்துவரிடம் கூற வேண்டும். எதையும் தாமாக நிறுத்தக் கூடாது.
* தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியையும் ஊன்றுகோலுடன் நடப்பதையும் முன்பே பழக வேண்டும்.
* அறுவை இடத்து முடியை வீட்டில் சவரம் செய்யக் கூடாது. நுண்ணிய கீறல்கள் வழியே கிருமி நுழையும்.

செலவும் விடுப்பும்

ஓசூர்த் தொழிற்சாலைகளில் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தில் அடங்குவர். உரிய நாட்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவித்தொகையாகக் கிடைக்கும். ஒப்பந்தத் தொழிலாளர்கள் தங்கள் சந்தா ஒழுங்காகச் செலுத்தப்பட்டுள்ளதா என்பதை, அறுவை நாளைக் குறிக்கும் முன் சரிபார்ப்பது அவசியம். பிற குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதி உள்ளதா எனப் பார்க்கலாம். பெங்களூர் சுமார் 40 கி.மீ. தொலைவிலேயே இருப்பதால் பலர் அங்கு செல்கின்றனர். தேர்ந்தெடுத்த மருத்துவமனையில் தமது காப்பீடு செல்லுமா என்பதை எழுத்து மூலம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். தையல் பிரிக்கவும் இயன்முறைப் பயிற்சிக்கும் மீண்டும் மீண்டும் செல்ல வேண்டியிருப்பதால் பயணச் செலவையும் கணக்கிட வேண்டும்.

வீட்டு ஆயத்தம்

முழங்கால் மாற்றியவர்கள் குந்தி உட்காருவதும் தரையில் சம்மணமிடுவதும் பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. மேற்கத்திய கழிப்பறை அல்லது கழிப்பறை நாற்காலி, உயரமான கட்டில், கைப்பிடியுள்ள நாற்காலி ஆகியவற்றை முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். மாடி வாடகை வீட்டில் வசிப்போர் சில வாரங்கள் தரைத்தளத்தில் தங்க வழி பார்க்கலாம். வழுக்கும் மிதியடி, குறுக்கே கிடக்கும் மின்கம்பி ஆகியவற்றை அகற்ற வேண்டும்.

அறுவை நாள்

பொதுவாக ஆறு மணி நேரத்துக்கு முன் திட உணவும், இரண்டு மணி நேரத்துக்கு முன் தண்ணீரும் நிறுத்தப்படும். பாலும் பால் கலந்த காபியும் தண்ணீர்க் கணக்கில் சேரா. மருத்துவமனை கூறும் நேரமே இறுதியானது. காய்ச்சலோ புதிய புண்ணோ இருந்தால் மறைக்காமல் கூற வேண்டும்; நாள் தள்ளிப்போவது தொற்றைவிட மேலானது.