முள்ளில்லாத பிளாக்பெர்ரி: வளர்ப்பு முறையும் பதியன் உரிமையும்

வாழை வைத்துப் பழகியவர்களுக்கு பிளாக்பெர்ரி சுலபமாகப் புரியும். வாழையில் ஒரு மரத்துக்கு ஒரு தார்தான். தார் வெட்டியதும் அதன் வேலை முடிந்தது, பக்கக்கன்று மேலே வரும். பிளாக்பெர்ரியும் கிட்டத்தட்ட அப்படித்தான். வேர் பல வருஷம் உயிரோடு இருக்கும். ஆனால் தூரிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு தண்டுக்கும் ஆயுசு இரண்டே வருஷம். முதல் வருஷம் வெறும் இலை. குளிர்காலம் தாண்டி, அடுத்த வருஷம் அதே தண்டில் பூவும் பழமும். பறித்து முடிந்ததும் தண்டு காய்ந்துவிடும். அதற்குள் பக்கத்தில் புதுத் தண்டு நிமிர்ந்திருக்கும்.

இந்தக் கணக்கு தெரியாமல், குளிர்காலத்தில் செடி அசிங்கமாக இருக்கிறதே என்று எல்லாத் தண்டையும் தரையோடு வெட்டினால், அந்த வருஷப் பழம் அத்தனையும் போச்சு. பழம் கொடுத்த தண்டை மட்டும் வெட்ட வேண்டும். முதல் வருஷமே காய்க்கும் புது ரகங்களும் வந்திருக்கின்றன. அவற்றின் கவாத்து வேறு மாதிரி.

நான் இருப்பது அமெரிக்காவில், வட கரோலினாவின் ராலே நகருக்குப் பக்கத்தில். செம்மண் களி. வீட்டுக்குப் பின்னால் ஒரு வரிசை பிளாக்பெர்ரி வைத்திருக்கிறேன். செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நடவு: குளிர்காலக் கடைசியில் நடலாம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், அதனால் களிமண்ணில் மேட்டுப்பாத்தி அவசியம். நிமிர்ந்து வளரும் ரகத்துக்கு 3 முதல் 4 அடி, சாய்ந்து படரும் ரகத்துக்கு 5 முதல் 6 அடி இடைவெளி. கொஞ்சம் புளிப்பான மண் பிடிக்கும். கார அமிலநிலை 5.5 முதல் 6.5 வரை நல்லது. அடியில் மக்கு உரம், மேலே இலைச்சருகும் மரப்பட்டையும் மூடாக்கு. தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்பதால் ஒரே ஒரு செடி வைத்தாலும் பழம் கிடைக்கும்.

கவாத்து: இரண்டு கம்பி இழுத்துக் கட்டினால் போதும். புதுத் தண்டு மூன்றரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். பக்கக்கிளை வெடிக்கும், பழம் அதில்தான். குளிர்காலக் கடைசியில் அந்தப் பக்கக்கிளைகளை ஒன்றரை அடிக்குள் குறைத்துவிடலாம்.

அறுவடை: இங்கே ஜூன், ஜூலையில் பழுக்கும். பளபளவென்று கறுப்பாக இருந்தால் பறிக்காதீர்கள், புளிக்கும். இரண்டு மூன்று நாள் பொறுத்தால் பளபளப்பு மங்கும், லேசாகத் தொட்டாலே கையோடு வரும். அப்போதுதான் இனிப்பு.

பூச்சி, நோய்: புள்ளிச்சிறகு பழ ஈதான் பெரிய தொல்லை. கிழக்காசியாவைச் சேர்ந்த இது 2008இல் கலிஃபோர்னியாவில் தென்பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவியது. மற்ற பழ ஈக்கள் அழுகிய பழத்தைத் தேடும். இது பழுக்கிற பழத்தையே துளைத்து முட்டை வைக்கும். மருந்தில்லாத வழி, ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பது, உதிர்ந்ததை உடனே பொறுக்குவது, பறித்ததும் குளிர்பெட்டியில் வைப்பது. இலையடியில் ஆரஞ்சு நிறப் பொடி தெரிந்தால் அது துரு நோய். செடி முழுக்கப் பரவியிருக்கும், வேரோடு தோண்டி அகற்றுவது தவிர வழியில்லை.

இனி முள் விஷயம். காட்டு பிளாக்பெர்ரி உடம்பெல்லாம் முள். முள்ளில்லாத ரகங்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ‘தார்ன்லெஸ் எவர்கிரீன்’ என்ற பழைய ரகத்தில் மேல்தோல்தான் முள்ளற்றது. உள்திசு முள் செடியுடையதே. வேரிலிருந்து கிளம்பும் கன்று முள்ளோடு வரும், அதனால் நுனிப்பதியன்தான் போட வேண்டும். வளைந்த தண்டின் நுனியை நாலு அங்குலம் மண்ணில் புதைத்தால் வேர் பிடித்துக்கொள்ளும். ஆர்க்கன்சா பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘நவாஹோ’ ரகத்தில் முள்ளின்மை செடி முழுக்க ஊறியது. விரல் நீள வேர்த்துண்டைப் புதைத்தாலே முள்ளில்லாத கன்று கிடைக்கும்.

கிடைக்கும் சரி, எடுக்க உரிமை இருக்கிறதா? இங்கே நர்சரியில் வாங்கும் பல கன்றுகளின் சீட்டில் ‘இனப்பெருக்கம் செய்யத் தடை’ என்று அச்சடித்திருக்கும். 1930ஆம் ஆண்டின் தாவரக் காப்புரிமைச் சட்டம் அப்படி. காப்புரிமை உள்ள ரகத்தில் பதியன் போட்டு அடுத்த வீட்டுக்காரருக்குச் சும்மா கொடுப்பதுகூட மீறல்தான். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷம் இந்தத் தடை. 1980களின் ரகமான நவாஹோவுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. அதனால்தான் நான் அதையே வைத்திருக்கிறேன், கேட்டவர்களுக்கெல்லாம் வேர்த்துண்டு கொடுக்கிறேன்.

நம் நாட்டில் 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், பாதுகாக்கப்பட்ட ரகமாக இருந்தாலும் விதையைச் சேமிக்க, விதைக்க, பகிர, விற்க உழவருக்கு உரிமை தருகிறது. வணிகப் பெயர் ஒட்டி விற்கத்தான் கூடாது. இது எவ்வளவு பெரிய சொத்து என்பது இங்கே வந்து அந்தச் சீட்டைப் படித்தால்தான் உறைக்கிறது. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லி யார் வந்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, ஊரில் இந்தக் கன்றை வாங்க நினைப்பவர்களுக்கு. ரகத்தைப் பொறுத்து 300 முதல் 900 மணி நேரம் வரை, 7 டிகிரிக்குக் கீழே குளிர் பட்டால்தான் இது ஒழுங்காகப் பூக்கும். மதுரையிலோ தஞ்சாவூரிலோ அந்தக் குளிருக்கு எங்கே போவது? இலை விடும், பழம் எதிர்பார்க்க முடியாது. மலைப்பகுதிக்காரர்கள் குளிர்த்தேவை குறைந்த ரகமாகப் பார்த்து ஒன்றிரண்டு செடி வைத்துச் சோதிக்கலாம். சமவெளிக்காரர்களுக்கு முசுக்கொட்டை இருக்கிறது. அதுவும் முள்ளில்லாதது, குச்சி நட்டால் வரும், கவாத்து செய்யச் செய்யப் புதுக்கிளையில் காய்க்கும். கன்று விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: ரகத்தின் பெயர் என்ன, எத்தனை மணி குளிர் வேண்டும், பதியன் போட்டுப் பகிரலாமா? பதில் வராவிட்டால் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.