பாறசாலை எல்லையில் சொட்டுநீர்

கேரளத்தின் தென்கோடியில், குமரி மாவட்டத்தை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களில் நெல் அறுத்த ஏலா எனும் வயல்வெளிகளிலும் வாழைக்கு இடையிலும் பயறு, பாவல், புடலை, வெள்ளரி, கீரை விளைகின்றன. இந்தக் கோடைச் சாகுபடிக்கு மழை உதவுவதில்லை. கேரளத்தின் சராசரி மழை ஆண்டுக்கு சுமார் 3,000 மில்லிமீட்டர். தெற்கே வர வர அது குறைகிறது, அதிலும் பெரும்பகுதி நவம்பருக்குள் பெய்து முடிந்துவிடுகிறது. நெய்யாற்றின்கரை வட்டத்தின் செம்மண்ணோ ஊற்றிய நீரைச் சீக்கிரம் கீழே இறக்கிவிடும்.

நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு வரை பாய வெட்டப்பட்டது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. 2004 முதல் அங்கே நீர் விடப்படவில்லை; 2012இல் தமிழகம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. வழக்கு ஒருபுறம் இருக்க, கோடையில் காய்கறிக்காரர் பெரிதும் நம்புவது கிணற்றையே.

ஓஸ் பிடித்துப் பாத்தி நிறைய நனைத்தால், வேருக்கு எட்டாத நீரே அதிகம். சொட்டுநீர்க் குழாயின் சொட்டுவான் மணிக்கு 2 அல்லது 4 லிட்டர் வீதம் தூரிலேயே விடுகிறது, களையும் குறையும். கேரளத்தில் சராசரி நில உடைமை 0.18 ஹெக்டேர், அதாவது 45 சென்டுக்கும் குறைவு. சில சென்ட் தோட்டத்துக்கு, ஓர் ஆள் உயர மேடையில் தொட்டி வைத்தாலே நீர் தன் எடையில் குழாய்க்குள் இறங்கும். குழாயிலேயே உரத்தையும் கரைத்து விடலாம்.

இருந்தும் பல தோட்டங்களில் குழாய் சுருட்டி ஓரம் போடப்படுவது ஏன்? முதற்காரணம் அடைப்பு. செம்பாறை மண் கிணறுகளின் நீரில் இரும்பு கலந்திருந்தால் சொட்டுவானில் துருப் படியும். வடிகட்டியை அடிக்கடி கழுவி, குழாயின் கடைமுனையைத் திறந்துவிடக் கற்றுத்தராமல் கருவியை மட்டும் கொடுப்பது வீண்செலவு. அடுத்தது, பெரிய காரணம்: குத்தகை. நிலச் சீர்திருத்தச் சட்டத்தால் கேரளத்தில் புதிய குத்தகைக்கு இடமில்லை. ஆகவே பாட்டத்துக்கு எடுப்பவரிடம் இருப்பது பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். மத்திய அரசின் நுண்ணீர்ப் பாசனத் திட்டம் சிறு, குறு விவசாயிக்கு 55 சதவீதம் மானியம் தந்தாலும், நில ஆவணம் காட்ட முடியாதவருக்கு அது எட்டாது. அடுத்த பருவத்தில் வேறு நிலம் என்றால் கைக்காசை யார் போடுவார்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 2004இல் தொடங்கிய துல்லியப் பண்ணைத் திட்டம் இங்கே பார்க்கத்தக்கது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 400 ஹெக்டேரில் சொட்டுநீரோடு வயலிலேயே ஆலோசனையும் தந்தது, விவசாயிகளைச் சங்கமாக்கி விற்பனையையும் இணைத்தது. கேரளத்தில் 2001 முதல் இயங்கும் காய்கறி, பழ மேம்பாட்டுக் கவுன்சில், குத்தகைக்காரரையும் சுயஉதவிக் குழுக்களில் சேர்த்து வங்கிக் கடன் பெற வழிசெய்தது. அதே குழு வடிகட்டியையும் குழாயையும் பொதுவில் வாங்கிப் பருவத்துக்குப் பருவம் வாடகைக்குக் கொடுக்கலாம். அப்போது நிலம் மாறினாலும் கருவி நிற்காது.

மின்சாரமோ சொட்டுவானோ வேண்டாத வழிகளும் உண்டு. தென்னை மட்டையாலும் சருகாலும் தூரை மூடினால் ஈரம் தங்கும். பையில் வளர்க்கும் செடிகளுக்கு, கோழிக்கோட்டு நீர்வள மையம் உருவாக்கிய திரிப் பாசனம் பொருந்தும்: கீழே குழாயில் நிற்கும் நீரைத் திரி உறிஞ்சி மேலே மண்ணுக்குக் கொடுக்கிறது.