பெட்டி சத்தம் போடக்கூடாது: பொக்ஸ் ரூமில பாட்டுச் செய்ய எந்தக் கொம்பியூட்டர்?



போன எபிசோட் போட்ட பிறகு இன்பொக்ஸில திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒண்டுதான்: "வீட்டில பாட்டுச் செய்யப் போறன். 1,000 பவுண்ட்ஸ் சேர்த்து வைச்சிருக்கிறன். என்ன கொம்பியூட்டர் வாங்குறது?" பத்து நிமிசத்தில கதைச்சு முடிக்க ஏலாததை இங்க எழுதுறன்.

முதல்ல என்ர பிழையில இருந்து தொடங்குறன். மூண்டு வருசத்துக்கு முதல், சனி ஞாயிறு வேலை செய்து சேர்த்த காசில ஒரு கேமிங் பிசி வாங்கினன். பக்கத்தில கண்ணாடி, கலர் கலரா லைட், உள்ளுக்குப் பெரிய கிராபிக்ஸ் கார்ட். "இது எல்லாத்துக்கும் காணும் தம்பி" எண்டார் வித்தவர். நானும் நம்பினன்.

எங்கட வீடு இல்ஃபோர்ட் லேனுக்குக் கிட்ட ஒரு டெரஸ் வீடு. பொக்ஸ் ரூம்தான் என்ர ஸ்டூடியோ. ஒரு கட்டில், ஒரு மேசை, அவ்வளவுதான் கொள்ளும். அந்தக் கோடையில அம்மம்மா எங்களோட வந்து நிண்டா. தன்ர அம்மா பாடின தாலாட்டு ஒண்டு அவவுக்கு முழுசாத் தெரியும். அதை ரெக்கோர்ட் பண்ணி, கீழ மெல்லிசா ஒரு பீட் போடுறதுதான் என்ர பிளான்.

அம்மம்மா பாடத் தொடங்க, பிசியின்ர ஃபானும் சேர்ந்து பாடத் தொடங்கிச்சு. நடுவில "டிக், டிக்" எண்டு வேற சத்தம். பிறகு போட்டுக் கேட்டா, சில இடத்தில சொல்லே அறுந்து போயிருக்கு. 1,000 பவுண்ட்ஸுக்கு மேல குடுத்த பெட்டி, ஒரு மனிசியின்ர குரலை ஒழுங்காப் பிடிக்கேல்லை.

ஏன் அப்படி நடந்தது எண்டு விளங்கினா, உங்கட கேள்விக்கு அரைவாசிப் பதில் கிடைச்சிடும்.

பந்தியும் வாளியும்

கலியாண வீட்டுப் பந்தியை யோசியுங்கோ. இலையில சோறு முடியிறதுக்கு முதல் அடுத்த வாளி வரவேணும். சமையல்கட்டு எவ்வளவு பெரிசு எண்டது சாப்பிடுற ஆளுக்குத் தேவையில்லை. நேரத்துக்கு வருதா எண்டதுதான் அவருக்கு முக்கியம்.

ஓடியோவும் அப்படித்தான். 48 கிலோஹேர்ட்ஸில ரெக்கோர்ட் பண்ணினா, சத்தம் ஒரு செக்கனுக்கு 48,000 தடவை அளக்கப்படுது. கொம்பியூட்டர் அந்த அளவுகளை ஒவ்வொண்டாத் தூக்காமல், வாளி வாளியாத் தூக்கும். அந்த வாளிக்குப் பேர்தான் பஃபர். 128 சாம்பிள் வாளி எண்டா, கையில இருக்கிற நேரம் 2.7 மில்லிசெக்கன். ரிவேர்ப், ஈக்யூ, சின்த் எல்லாக் கணக்கையும் அதுக்குள்ள முடிச்சு அடுத்த வாளியை நீட்டவேணும். ஒருக்காப் பிந்தினாலும் இலை வெறுமை. அதுதான் அந்த "டிக்".

அப்ப வாளியைப் பெரிசாக்கினா? 512 சாம்பிள் எண்டா 10.7 மில்லிசெக்கன். உள்ளுக்கு வர ஒரு வாளி, வெளியில போக ஒரு வாளி, மொத்தம் 21 மில்லிசெக்கனைத் தாண்டும். சத்தம் காற்றில ஒரு மில்லிசெக்கனுக்கு 34 சென்ரிமீற்றர் போகும். அதால பாடுறவவுக்குத் தன்ர குரல் ஏழு மீற்றர் தள்ளி நிண்டு வாற மாதிரி ஹெட்ஃபோனில கேட்கும். தாளம் தப்பும். அதனால பாட்டை எடுக்கேக்க 64 அல்லது 128, மிக்ஸ் பண்ணேக்க 1,024 எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

எனக்குப் பிழைச்சது எங்க? மைக்கை நேர பிசியின்ர பின்பக்க ஓட்டையில செருகியிருந்தன். விண்டோஸில சின்ன வாளி ஒழுங்கா ஓட, நல்ல ஏஎஸ்ஐஓ டிரைவரோட வாற ஓடியோ இன்டர்ஃபேஸ் ஒண்டு வேணும். மக்கில கோர் ஓடியோ எண்டு ஏற்கனவே உள்ளுக்கு இருக்கு. ஆனாலும் மைக்கைச் செருக அங்கயும் இன்டர்ஃபேஸ் வேணும்தான். நான் கிராபிக்ஸ் கார்டுக்குக் காசைக் கொட்டிப்போட்டு இன்டர்ஃபேஸை மறந்திட்டன்.

எதுக்குக் காசு, எதுக்கு இல்லை

ப்ரோசெசர்: ஒரு டிராக்கில வரிசையாப் போடுற எஃபெக்ட்ஸ் பெரும்பாலும் ஒரே கோரிலதான் ஓடும். அதால கோர் எண்ணிக்கையை விட, ஒரு கோர் எவ்வளவு வேகம் எண்டதைப் பாருங்கோ. ஆறு அல்லது எட்டு நல்ல கோர் காணும்.

ராம்: பீட்டும் குரலும் எண்டா 16 ஜிபி. வயலின், நாதஸ்வரம், தவில் எண்டு பெரிய சாம்பிள் லைப்ரரி போடுற ஆள் எண்டா 32.

டிஸ்க்: எஸ்எஸ்டி கட்டாயம். சாம்பிள்களை வெளியில ஒரு எஸ்எஸ்டியில வைச்சாலும் சரி.

கிராபிக்ஸ் கார்ட்: பாட்டுக்குத் தேவையே இல்லை. ஆனா இன்டெல் வாங்கினா மொடல் நம்பரின்ர கடைசியைப் பாருங்கோ. "எஃப்" எண்டு முடிஞ்சா அதுக்குள்ள கிராபிக்ஸ் இல்லை, தனிக் கார்ட் இல்லாமல் ஸ்கிரீனில ஒண்டும் வராது.

அமைதி: இதை எந்த விளம்பரத்திலயும் பெரிசாப் போடமாட்டினம். பொக்ஸ் ரூமில மைக்கும் பெட்டியும் ஒரு முழத் தூரத்தில இருக்கிற எங்களுக்கு இதுதான் முதல் விசயம்.

வாங்குறதா, பூட்டுறதா?

மக் மினி எம்4, 2024 நவம்பரில 16 ஜிபி ராமோட வந்தது. அப்ப தொடக்க விலை 599 பவுண்ட்ஸ். சின்னப் பெட்டி, சத்தம் மிகக் குறைவு. ஆனா ஸ்கிரீனும் கீபோர்டும் உங்கட பாடு, ராமைப் பிறகு கூட்டவும் ஏலாது. கையில காசு குறைவு எண்டா, 2020இல வந்த மக்புக் எயார் எம்1ஐ செகண்ட் ஹாண்டில பாருங்கோ. அதுக்குள்ள ஃபானே இல்லை. 16 ஜிபி மொடல் கிடைச்சா விடாதேங்கோ.

நீங்களே பூட்டினா, 140 மில்லிமீற்றர் ஃபானாத் தெரிவு செய்யலாம். பெரிய ஃபான் மெதுவாச் சுத்தியே காணும், சத்தமும் குறையும். ராமையும் பிறகு கூட்டலாம். எஃப்எல் ஸ்டூடியோ ரெண்டிலயும் ஓடும். லொஜிக் விண்டோஸில ஓடாது.

செகண்ட் ஹாண்ட் வாங்கேக்க ஒரு விசயம்: கடையில வாங்கி, பொருள் பழுது எண்டா 30 நாளுக்குள்ள திருப்பிக் குடுத்துக் காசைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு. தனி ஆளிட்ட வாங்கினா அந்த உரிமை இல்லை. போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டு வாங்குங்கோ.

என்னைக் கேட்டா, 1,000 பவுண்ட்ஸில 600க்கு மேல பெட்டிக்குப் போகக்கூடாது. மிச்சத்தில இன்டர்ஃபேஸ், மைக், ஹெட்ஃபோன். ஹெட்ஃபோனைப் போட்டுப் பார்த்து வாங்க, இல்ஃபோர்ட்டில எலிசபெத் லைன் ஏறினா மாறாமல் டொட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில இறங்கலாம். டென்மார்க் ஸ்ட்ரீட் பக்கத்திலதான்.

சின்னப் பெட்டியில பெரிய பாட்டு வருமோ எண்டு யோசிக்கிற ஆக்களுக்கு மூண்டு பேர் சொல்லுறன். எங்கட மாயா, அதான் எம்ஐஏ, பாட்டுச் செய்யத் தொடங்கினது கடன் வாங்கின ஒரு ரோலண்ட் எம்சி-505இல. அதில தொடங்கின வேலைதான் 2005இல "அருளர்" எண்ட ஆல்பமா வந்து மேர்க்குரி பரிசுப் பட்டியல் வரைக்கும் போனது. இஞ்ச இருந்து கொஞ்சத் தூரத்தில, பொப்லரில, டிஸ்ஸீ ராஸ்கல் பள்ளிக்கூட மியூசிக் ரூமின்ர கொம்பியூட்டரிலதான் பழகினவர். 2003இல அவருக்கு மேர்க்குரி கிடைச்சது. ஏ.ஆர். ரஹ்மான் 1989இல சென்னையில வீட்டோட கட்டின ஸ்டூடியோவில இருந்துதான் 1992இல "ரோஜா" வந்தது. மூண்டு பேரும் கையில இருந்ததை அடிமட்டம் வரைக்கும் பழகினவை.

என்ர கதைக்கு வாறன். கிராபிக்ஸ் கார்டைக் கழட்டி வித்தன். அந்தக் காசில ஒரு இன்டர்ஃபேஸும் மைக்கும் வாங்கினன். நீட்டு வயர் போட்டுப் பெட்டியைக் கதவுக்கு வெளியில, படிக்கட்டுப் பக்கம் வைச்சன். அம்மம்மாவைத் திரும்பப் பாடச் சொன்னன். இந்தமுறை சுத்தமா வந்தது, அவ மூச்செடுக்கிறதும் கேட்குது. ஆனா ரெண்டு வரி அவவுக்கு நினைவு வரேல்லை. "அண்டைக்குப் பாடினனானே, அதில இருக்குமே ராசா" எண்டா.

இருக்கு. ஃபான் இரைச்சலைச் சொஃப்ட்வெயாரால குறைச்சிட்டன். அறுந்த சொற்களை மட்டும் எந்தச் சொஃப்ட்வெயாரும் திருப்பித் தராது, அவை ரெக்கோர்டே ஆகேல்லை. அந்த ரெண்டு வரியையும் அறுந்தபடியே பாட்டின்ர முடிவில போட்டிருக்கிறன்.

அதால மக்கள், கொம்பியூட்டர் பார்க்கப் போறதுக்கு முதல், யாற்ற குரலை முதல்ல எடுக்கப் போறீங்கள் எண்டு யோசியுங்கோ. நல்ல பெட்டி வாங்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஃபோனிலயாவது இண்டைக்கே ஒருக்கா எடுத்து வையுங்கோ.

நீங்கள் செய்ததை எங்களுக்கு அனுப்புங்கோ, அடுத்த எபிசோடில போட்டுக் கேட்பம்.