மல்லிகையின் விலையும் மார்க்கத்தின் அளவுகோலும்

வெள்ளிக்கிழமை நண்பகலில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் பள்ளிவாசல்களுக்குள் நுழைவோரை முதலில் எதிர்கொள்வது அத்தர் மணமாகும். தோல் பதனிடும் தொழிலை நம்பி வாழும் இவ்வூர்களில் வாடை எது, மணம் எது என்பதைச் சிறுபிள்ளைகளும் அறிவர். நறுமணம் பூசுவது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பிய வழக்கம் என்பதையும் நாம் அறிவோம். ஆனால் அந்த மணத்தை நிலத்தில் விளைவிப்பவர் யார், அவருக்குக் கிடைக்கும் பங்கு என்ன என்பதை நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது. அதற்கு விடை காணும் அளவுகோல் நம் ஃபிக்ஹு நூல்களில் இருக்கிறது.

இன்று நறுமணத் தொழிலின் தலைநகராகப் பேசப்படும் பிரான்சு நாட்டின் கிராஸ் நகரம் ஒரு காலத்தில் நம் ஆம்பூரைப் போலத் தோலூராக இருந்தது. தோலின் வாடையைப் போக்க 16ஆம் நூற்றாண்டில் அங்குக் கையுறைகளுக்கு மணமூட்டினர். தோல் தொழில் நலிந்தபின் மணத்தொழில் மட்டும் நிலைத்தது. கிராஸ் வட்டாரத்தின் பூ வளர்ப்பையும் மணக்கலையையும் 2018இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. ஆயினும் 20ஆம் நூற்றாண்டில் அங்கு நிலவிலையும் கூலியும் உயர்ந்து பூந்தோட்டங்கள் சுருங்கின. அத்தொழிலின் கண் எகிப்தின் மீதும் இந்தியாவின் மீதும் திரும்பியது. இந்தியாவில் அதற்கு மல்லிகை தரும் நிலம் பெரும்பாலும் தமிழகமே.

மல்லிகைக்கும் அரபு மொழிக்கும் பழைய உறவு உண்டு. நம் குண்டுமல்லியின் தாவரவியல் பெயர் ‘ஜாஸ்மினம் சம்பாக்’ என்பதாகும். ‘யாஸமீன்’ பாரசீகத்திலிருந்து அரபிக்கு வந்த சொல். ‘சம்பாக்’ என்பது ‘ஸன்பக்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபு. இன்றைய அரபியில் அது அல்லிப்பூவைக் குறித்தாலும், பழைய அகராதிகளில் அதற்கு மல்லிகைத் தைலம் என்றே பொருள். 9ஆம் நூற்றாண்டின் அறிஞர் அல்கிந்தீ நறுமண வேதியியலுக்கும் வடித்தலுக்கும் தனிநூல் எழுதினார். ரோஜாவைக் கொதிநீரில் வடிக்கலாம். மல்லிகையோ அந்தச் சூட்டைத் தாங்காது. எனவே அக்காலத்தார் அதன் மணத்தை எள்ளுக்கும் எண்ணெய்க்கும் ஏற்றினர்.

இன்று அவ்வேலையை ஹெக்சேன் என்னும் கரைப்பான் செய்கிறது. குண்டுமல்லியை விடியற்காலையில் மொட்டாகப் பறிப்பர். அது மாலைக்குப் பின்னரே விரிந்து மணக்கும். ஆலையில் அதைப் பரப்பி வைத்து, விரிந்தபின் இரவில் சாறெடுப்பர். முதலில் கிடைக்கும் மெழுகு போன்ற பொருளுக்குக் கான்கிரீட் என்று பெயர். அதைச் சாராயத்தில் கரைத்து மெழுகை நீக்கினால் அப்சொல்யூட் எனப்படும் தூய சாறு எஞ்சும். ஒரு டன் ஜாதிமல்லியிலிருந்து ஏறத்தாழ 3 கிலோ கான்கிரீட்டும், அதில் பாதியளவு அப்சொல்யூட்டுமே கிடைக்கும். ஒரு கிலோ பூவுக்கு ஆயிரக்கணக்கான மொட்டுகளைக் கையால் பறிக்க வேண்டும். சிறு தோட்டங்களில் அது கணவன், மனைவி, மக்கள் சேர்ந்து செய்யும் வேலை. அவர்களது கூலியை எவரும் கணக்கில் எழுதுவதில்லை.

மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காப்புக் கிடைத்தது, விலைக்குக் கிடைக்கவில்லை. பனிக்காலத்தில் பூ அருகும்போது கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கும். கோடையில் வரத்துப் பெருகினால் சில நூறுக்கும் அதற்குக் கீழும் இறங்கும். நிலக்கோட்டை, சத்தியமங்கலம் போன்ற சந்தைகளில் வாசனை ஆலைகள் பெரிதும் வாங்குவது அந்த இறக்கத்தின்போதுதான். தேங்கும் பூவுக்கு ஆலை ஒரு போக்கிடம் என்பது உண்மை. ஆனால் விலையைச் சொல்லும் உரிமை விவசாயியிடம் இல்லை. மாலைக்குள் வாடும் பொருளை வைத்துக்கொண்டு எவர் பேரம் பேச முடியும்?

இதனோடு முன்பணமும் சேர்கிறது. கமிஷன் கடைக்காரர் கடன் கொடுக்கிறார். கடன் தீரும்வரை பூவை அவர் கடைக்கே போட வேண்டும். வட்டி என்ற சொல் அங்கு எழுவதில்லை. அதனால் குற்றமில்லை என்று நம்மவரிலும் சிலர் எண்ணுகின்றனர். கடனையும் விற்பனையையும் ஒன்றோடொன்று பிணைப்பதை நபிகளார் (ஸல்) தடுத்ததாக அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் ஹதீஸ் உள்ளது. கடனால் கொடுத்தவர் நிபந்தனையிட்டு ஆதாயம் பெறலாகாது என்பது ஃபுகஹாக்கள் வகுத்த விதி.

அவ்வாறாயின் விவசாயிக்கு முன்கூட்டிப் பணம் தேவைப்படும்போது வழி என்ன? மார்க்கம் அதற்கு ‘ஸலம்’ என்னும் ஒப்பந்தத்தைக் காட்டுகிறது. நபிகளார் (ஸல்) மதீனா வந்தபோது அங்கு மக்கள் பேரீச்சங்கனிக்கு ஓரிரு ஆண்டுகள் முன்னரே விலை கொடுத்து வந்தனர். அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அவர்கள் அதை அனுமதித்ததை இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். ஸலமில் விலை முழுவதும் ஒப்பந்த அமர்விலேயே கொடுக்கப்பட வேண்டும். பிற்பாடு சந்தை சரிந்தாலும் விலையைக் குறைக்க வாங்குபவருக்கு உரிமையில்லை. ஒப்பந்த நாள் முதல் ஒப்படைக்கும் நாள் வரை பொருள் சந்தையில் கிடைக்க வேண்டும் என்பர் ஹனஃபீகள். ஒப்படைக்கும் காலத்தில் கிடைத்தால் போதும் என்பர் ஷாஃபிஈகள். குறிப்பிட்ட ஒரே தோட்டத்தின் விளைச்சலுக்கு ஸலம் செய்யலாகாது. அத்தோட்டம் பொய்த்துவிட்டால் ஒப்பந்தமே சச்சரவாகிவிடும். பொருள் கிடைக்காமற்போனால் வாங்கியவர் காத்திருக்கலாம், அல்லது கொடுத்ததை மட்டும் திரும்பப் பெறலாம். அதற்கு மேல் கேட்க முடியாது. நெருக்கடியில் இருப்பவரிடம் மிகக் குறைந்த விலை பேசுவது இவ்வொப்பந்தத்தின் நோக்கத்தையே கெடுத்துவிடும் என்பதையும் மறக்கலாகாது.

இது நடக்கக்கூடியதா என்று ஐயுறுவோருக்குக் கிராஸிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சனேல் நிறுவனம் 1987 முதல் அங்குள்ள ஒரு விவசாயக் குடும்பத்தோடு நீண்டகால உடன்படிக்கை செய்து மல்லிகையும் ரோஜாவும் பெற்று வருகிறது. அது ஸலம் அன்று. எனினும் வாங்குபவர் முன்கூட்டியே வாக்குக் கொடுத்தால் தோட்டம் பிழைக்கும் என்பதை அது காட்டுகிறது. வாக்கும் நியாய விலையும் இல்லாத இடத்தில் நேர்வதை எகிப்து காட்டுகிறது. அங்குச் சிறுவர்கள் இரவில் மல்லிகை பறிப்பதைப் பி.பி.சி. 2024இல் வெளியிட்ட புலனாய்வு உலகறியச் செய்தது. நம் நாட்டை விட முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் இது நிகழ்ந்திருப்பது நம்மை நாணச் செய்ய வேண்டும்.

ஆம்பூரில் தைக்கும் காலணி அயல்நாட்டார் பெயரில் விற்கப்படுகிறது. நிலையான ஆர்டரின் அருமையும் அது திடீரென நின்றுபோனால் வரும் துன்பமும் நம் தோல் வணிகர் நன்கறிந்தவை. மல்லிகை விவசாயியின் நிலையும் அதுவே. குப்பியின் மேல் அவர் பெயர் இல்லை. எனவே அத்தர், வாசனைப்பொருள் வணிகத்தில் இருக்கும் நம்மவர், பூவின் மூலத்தை விசாரித்து வாங்கவும், இயன்றவர் கூட்டாகச் சேர்ந்து விவசாயிகளுடன் ஸலம் ஒப்பந்தம் செய்யவும் முன்வர வேண்டும். ஆலிம்கள் வியாபாரப் பாடத்தை நடத்தும்போது பேரீச்சங்கனியோடு மல்லிகையையும் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

நறுமணப் பூவை ஒருவர் தந்தால் மறுக்க வேண்டாம். அது சுமப்பதற்கு எளியது என்ற கருத்தில் நபிமொழி ஒன்று முஸ்லிம் தொகுப்பில் உள்ளது. நமக்கு எளிதாக வரும் அந்த மணம் அதை விளைவித்தவருக்குக் கடன்சுமையாக ஆகிவிடக் கூடாது. அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்குவானாக!