காரியஸ்தர் வேலைக்கு டெண்டர்

நிலம் ஜமீனுக்குச் சொந்தம். விதை, மாடு, களஞ்சியம் எல்லாம் ஜமீன் பணம். ஆனால் ஆள் வைப்பது, கூலி கொடுப்பது, கணக்கு எழுதுவது காரியஸ்தர். அமெரிக்காவின் அணு ஆயுத ஆய்வகங்கள் ஏறக்குறைய இந்த ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன. நியூ மெக்ஸிகோவில் உள்ள லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் நிலம், கட்டடம், புளூட்டோனியம் அனைத்தும் மத்திய அரசுடையவை. அங்கே வேலை செய்யும் விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் அரசு ஊழியர்கள் அல்ல. நிர்வாக ஒப்பந்தம் யார் கையிலோ, அவருடைய ஊழியர்கள்.

1943 முதல் 2006 வரை அந்தக் காரியஸ்தர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். அணுகுண்டு வேலைக்குத் தலைமை ஏற்ற ஓப்பன்ஹைமர் அதன் பெர்க்லி வளாகப் பேராசிரியர். ஒப்பந்தம் பேசிய பல்கலைக்கழக அதிகாரிக்கே லாஸ் அலமோஸ் மலைமேல் என்ன தயாராகிறது என்று முதலில் சொல்லவில்லை, அவ்வளவு ரகசியம். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே வந்தது. டெண்டர் என்ற பேச்சே எழவில்லை.

2002-இல் கொள்முதல் முறைகேடு ஒன்று கிளம்பியது. அதை விசாரித்த இருவரையே ஆய்வகம் வேலையை விட்டு அனுப்ப, விவகாரம் பெரிதானது. 2003 ஏப்ரலில் எரிசக்தி அமைச்சர் ஸ்பென்சர் ஆப்ரகாம், 2005-இல் ஒப்பந்தம் முடிந்ததும் போட்டி வைக்கப்படும் என்று அறிவித்துவிட்டார்.

போதாக்குறைக்கு 2004 ஜூலையில் ரகசியக் கணினி வட்டுகள் இரண்டைக் காணோம் என்று ஆய்வகத்தின் வேலையே நிறுத்தப்பட்டது. முழுவதும் பழைய நிலைக்குத் திரும்ப மாதங்கள் பிடித்தன. கடைசியில் பார்த்தால், பார்கோடு ஒட்டுச்சீட்டுகள் மட்டும் அச்சாகிப் பதிவேட்டில் ஏறியிருக்கின்றன. அவற்றை ஒட்ட வேண்டிய வட்டுகள் உருவாக்கப்படவே இல்லை. இல்லாத பொருள் தொலைந்து போனதற்கு இத்தனை பாடு!

பல்கலைக்கழகத்தின் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, விலகிக்கொள்வது. குண்டு செய்வது பல்கலைக்கழகத்தின் வேலையா என்று பேராசிரியர்களிலும் மாணவர்களிலும் ஒரு சாரார் பல காலமாகக் கேட்டுவந்தார்கள். பெரிய வருமானமும் இல்லை: சுமார் 200 கோடி டாலர் பட்ஜெட் கொண்ட ஆய்வகத்தை நடத்த ஆண்டுக்குக் கிடைத்த கட்டணம் சுமார் 80 லட்சம் டாலர்தான். மற்றொன்று, போட்டியில் இறங்குவது. பல்கலைக்கழகம் இறங்கியது, ஆனால் தனியாக அல்ல. 'உங்களுக்கு விஞ்ஞானம் தெரியும், நிர்வாகம் தெரியாது' என்ற குற்றச்சாட்டுக்குப் பதிலாக, பெக்டெல் என்ற பெரிய கட்டுமானக் கம்பெனியையும் இன்னும் இரண்டு நிறுவனங்களையும் சேர்த்துக்கொண்டது. எதிர் முகாமில் டெக்ஸஸ் பல்கலைக்கழகமும் லாக்ஹீட் மார்ட்டினும்.

2005 டிசம்பரில் கலிஃபோர்னியா - பெக்டெல் கூட்டு வென்றது. 2006 ஜூன் 1 முதல் நிர்வாகம் அந்தக் கூட்டுக் கம்பெனியிடம் போனது. எனவே பல்கலைக்கழகம் லாஸ் அலமோஸை 'இழந்தது' என்று சொன்னால் அது பாதி உண்மை. தனி ஆட்சி போனது, நாற்காலி போகவில்லை. ஊழியர்களுக்குத்தான் மாற்றம் உறைத்தது. நேற்றுவரை பல்கலைக்கழகத்தின் ஆட்கள், இன்று கம்பெனி ஆட்கள். ஓய்வூதியம் என்ன ஆகும் என்பதே முதல் கவலை. லாப நோக்குள்ள கம்பெனி என்பதால் மாநில வரியும் சேர்ந்தது. நிர்வாகக் கட்டணத்தின் உச்சவரம்பு ஆண்டுக்குச் சுமார் 8 கோடி டாலரை எட்டியது. தன் பங்கில் ஒரு பகுதியைப் பல்கலைக்கழகம் ஆராய்ச்சி மானியமாகத் திருப்பிவிட்டது. அந்த அளவுக்குப் பாராட்டலாம்.

பத்து மடங்கு கூலிக்குப் பத்து மடங்கு ஒழுங்கு வந்ததா? லாஸ் அலமோஸில் கதிரியக்கக் கழிவு பீப்பாய்களில் ஈரம் உறிஞ்ச, வீட்டுப் பூனைகளின் கழிவுத் தட்டில் பரப்பும் 'பூனை மணல்' போட்டுவந்தார்கள். அது களிமண் வகையாக இருக்க வேண்டும். ஆனால் கோதுமையில் செய்த வகையை நிரப்பிவிட்டார்கள். அது கழிவில் இருந்த நைட்ரேட் உப்புகளோடு வினைபுரிந்து சூடேறி, 2014 பிப்ரவரி 14 அன்று அதே மாநிலத்தின் கார்ல்ஸ்பாட் அருகே கழிவு புதைக்கும் பாதாளக் கிடங்கில் ஒரு பீப்பாய் வெடித்துத் திறந்தது. கிடங்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் மூடிக்கிடந்தது.

கூட்டுக் கம்பெனியின் ஒப்பந்தத்தை நீட்டிப்பதில்லை என்று 2015 டிசம்பரில் தெரிந்தது. மறுபடியும் டெண்டர். பல்கலைக்கழகம் இம்முறை பெக்டெல்லை விட்டுவிட்டு, டெக்ஸஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தோடும் பேட்டல் என்ற லாப நோக்கற்ற ஆய்வு நிறுவனத்தோடும் கைகோத்தது. 2018 நவம்பர் 1 முதல் லாஸ் அலமோஸை நடத்துவது அந்த மூவர் கூட்டுதான்.