கை தூக்கச் சொல்வதற்கு முன்னால்

எங்கள் ஃபிளாட் அசோசியேஷனில் ஓட்டெடுப்பு என்றாலே நான் தள்ளிப்போடத்தான் பார்ப்பேன். "செக்ரட்டரியம்மாவுக்கு ஜனநாயகத்துல நம்பிக்கை கிடையாது" என்று பொருளாளர் கிண்டல் செய்வார். செய்யட்டும். சட்டசபைத் தேர்தலில் தோற்றவர் தொகுதிப் பக்கம் வராமலே இருந்துவிடலாம். இங்கே தோற்றவர் மறுநாள் காலையில் பால் பாக்கெட்டோடு படிக்கட்டில் எதிரே வருவார். முகத்தைத் திருப்பிக்கொள்வார். மாசம் பிறந்தால் மெயின்டனன்ஸ் தர மாட்டார்.

லிஃப்ட் விஷயத்தில் அப்படித்தான் ஆக இருந்தது. பழைய லிஃப்ட் இனி தாங்காது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார். செலவை 16 வீட்டுக்கும் சமமாகப் பிரித்து நோட்டீஸ் ஒட்டினோம். தரைத்தளத்து 4 வீட்டுக்காரர்களும் ஒரே குரலில் முடியாது என்றார்கள்.

"நாங்க லிஃப்ட் பட்டனையே தொட்டதில்ல. எதுக்குக் குடுக்கணும்?"

"மொட்டை மாடில வடாம் காயப்போட எதுல வந்தீங்க மாமி?"

"படியேறித்தான் வந்தேன். சந்தேகமா இருந்தா என் முட்டியக் கேளு!"

மாடியில் 12 வீடு. கை தூக்கச் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்மானம் நிறைவேறியிருக்கும். கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு, அந்த வாரம் கீழ் வீடுகளுக்குத் தனித்தனியாகப் போனேன். லிஃப்ட் பேச்சையே எடுக்கவில்லை. "வேற என்ன குறை இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

முன்பக்க வீட்டுப் பெரியவர் பதில் சொல்லாமல் நேரே பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தரையில் தண்ணீர் போகும் ஜல்லடை மூடிமேல் ஒரு செங்கல், செங்கல்மேல் தண்ணீர் நிரப்பிய பெயிண்ட் வாளி. "மழை வந்தா சாக்கடை எதிர்த்துக்கிட்டு வரும்மா. ராத்திரியில எழுந்து வந்து பாத்துட்டுப் படுப்பேன்" என்றார். பழைய கமிட்டிக்கு எழுதிய கடிதங்களின் நகல்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து இருந்தது. வேலைதான் நடக்கவில்லை.

மாடி வீட்டுக் கஷ்டம் சங்கத்துக் கஷ்டம், என் வீட்டுக் கஷ்டம் என் கஷ்டமா என்பதுதான் அவருடைய கேள்வி. அதைக் கேட்க லிஃப்ட்தான் அவருக்குத் தோதாகக் கிடைத்தது.

அடுத்த கூட்டத்தில் இரண்டு வேலையையும் ஒரே தீர்மானத்தில் வைத்தோம். முதலில் கழிவுநீர்க் குழாயை மாற்றிச் சேம்பரை உயர்த்திக் கட்டுவது, பிறகு லிஃப்ட். இரண்டிலும் 16 வீட்டுக்கும் சம பங்கு. உடனே மூன்றாவது மாடியிலிருந்து ஒரு குரல்: "எங்க வீட்டுல அடைப்பே இல்லையே, நாங்க எதுக்குக் குடுக்கணும்?" கீழ் வீட்டு மாமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கேட்டவருக்கும்தான். அதற்கப்புறம் பேச்செல்லாம் எத்தனை தவணை என்பதைப் பற்றித்தான்.

மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அமெரிக்கப் பெண்மணி இதையெல்லாம் 1920களிலேயே யோசித்து எழுதியிருக்கிறார். கருத்து வேறுபாட்டை மூன்று விதமாக முடிக்கலாம் என்பார் அவர்: ஒரு தரப்பு ஜெயிப்பது, ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுப்பது, இரண்டு தரப்புக்கும் உண்மையில் என்ன வேண்டும் என்று பார்த்துப் புது வழி தேடுவது. மூன்றாவதற்கு அவர் தந்த உதாரணம் ஹார்வர்டு நூலகத்தில் ஒரு சின்ன அறை. ஒருவர் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்றார், ஃபாலெட் மூடியிருக்கட்டும் என்றார். கடைசியில் ஆளில்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்குக் காற்று கிடைத்தது, இவர்மேல் வாடை அடிக்கவில்லை. பாதி ஜன்னலைத் திறந்திருந்தால் இரண்டு பேரும் எரிச்சலோடுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

எல்லாமே இப்படித் தீராது. ஃபாலெட்டும் அப்படிச் சொல்லவில்லை. சங்கப் பணத்தில் கை வைத்தவரோடு என்ன சமாதானம்? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் பதிவான சங்கமென்றால், அதன் விவகாரங்களை விசாரிக்கப் பதிவாளருக்கு அதிகாரம் உண்டு. அங்கே போக வேண்டியதுதான். பெயிண்டிங் கான்ட்ராக்ட் கேட்பவர் தலைவருக்கு மச்சானென்றால், அந்த அஜெண்டா முடியும்வரை வேறொருவர் கூட்டத்தை நடத்துவது நல்லது. பேச்சுக்குப் பிறகும் ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அவருடைய ஆட்சேபத்தை மினிட்ஸில் அவர் சொன்னபடியே எழுதி வாசித்துக் காட்டுவேன். பாதிக் கோபம் அதிலேயே இறங்கிவிடும். வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் எந்தத் தகராறையும் பேச விடுவதில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவர் போடும் கட்டைவிரலுக்கு மறுநாள் நான் போய் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்போது அடுத்தது வந்திருக்கிறது. கட்டிடம் பழசாகிவிட்டது, இடித்துக் கட்டலாம் என்கிறார்கள் சிலர். 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022இன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். அதாவது எங்களுக்கு 11 வீடு. அந்த 11 பேரை விரல்விட்டு எண்ணவும் ஆரம்பித்துவிட்டார்கள். நான் வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்திருக்கிறேன்: வேண்டும், வேண்டாம் என்று எழுதாதீர்கள், ஏன் என்று எழுதுங்கள்.

வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்குப் பேத்தியின் பிளஸ் டூ பரீட்சை முடிய வேண்டுமாம். ஏப்ரல் வரை பொறுத்தால் தீர்ந்தது. இன்னொருவருக்குக் கட்டி முடிக்கும்வரை வெளியில் யார் வாடகை கொடுப்பது என்ற கவலை. அதைப் பில்டரோடு பேசி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். மூன்றாமவர் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறேன்.